“அதுல நமக்கு ஒரு வீடு கிடைக்குமா?” - அம்மா கேட்ட கேள்வியும், தாத்தா விற்ற 40 சதுர மீட்டரும்!

2025 மார்ச் 14, தமிழக பட்ஜெட் நாள். டிஜிட்டல் டெஸ்க்கில் பட்ஜெட் நாள் என்றால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. யார் எதைப் பரிமாறுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. இலை மட்டும் காலியாக இருக்கக் கூடாது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசிக்க வாசிக்க, நாங்கள் நான்கு பேர் லைவ் அப்டேட் தட்டிக்கொண்டிருந்தோம். ‘சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் புதிய நகரம்’ என்ற அறிவிப்பு வந்தது. நான்தான் நோட்டிஃபிகேஷன் போட்டேன். டிட்கோ நிறுவனம் உருவாக்கப்போகும் அந்த நகரத்தில் தொழில்நுட்பப் பூங்காக்கள், ஆராய்ச்சி மையங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் வரும். ஏழைகள், நடுத்தர மக்கள், வசதியானவர்கள் என எல்லாத் தரப்பினருக்கும் குடியிருப்புகளும் இருக்கும் என்று இரண்டு வரி சேர்த்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் தையல் மெஷின் சத்தம். “பாப்பா, நீ போட்ட நியூஸ் இங்க வந்துச்சு. அதுல நமக்கு ஒரு வீடு கிடைக்குமா? கேட்டுச் சொல்லு.”

யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா விளையாட்டாகக் கேட்கவும் இல்லை. அதற்குப் பத்து நாள் முன்புதான், சூளைமேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர், “இடத்தை ஜாயின்ட் வென்ச்சருக்குக் குடுத்துட்டேன்மா, ஜூன் மாசத்துக்குள்ள காலி பண்ணிக்குங்க” என்று சொல்லியிருந்தார். பதினோரு வருடம் இருந்த வீடு அது. வாடகை 9,500. இன்று அதே தெருவில் அந்த வாடகைக்கு மாடிப்படி அடியில்கூட இடம் கிடைக்காது.

சென்னைக்காரர்களுக்கு ஜாயின்ட் வென்ச்சர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இடம் ஓனருடையது. பணமும் கட்டும் வேலையும் புரமோட்டருடையது. கட்டி முடித்ததும் ஆளுக்குப் பாதி ஃபிளாட். கிராமத்தில் நிலத்தை வாரத்துக்கு விடுகிற அதே கணக்குதான், நெல்லுக்குப் பதில் கான்கிரீட். அரசு - தனியார் கூட்டு என்று நாங்கள் தலைப்பில் எழுதுகிறோமே, அதுவும் அடிப்படையில் இதுதான். அரசு நிலத்தையும் அனுமதியையும் கொடுக்கும்; தனியார் பணத்தைப் போட்டுக் கட்டும்; வருவதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எங்கள் ஓனர் நல்ல மனிதர். புரமோட்டரும் ஏமாற்றுக்காரராகத் தெரியவில்லை. அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் இருவருக்குமே லாபம். அதில் கையெழுத்துப் போடாத ஒரு தரப்பு உண்டு. அது நாங்கள், கீழ் போர்ஷனில் பதினோரு வருடம் குடியிருந்தவர்கள்.

அன்றிலிருந்து மூன்று மாதம் வீடு தேடினோம். வாடகைக்கு மட்டுமல்ல, “இவ்ளோ வாடகை குடுக்கிறதுக்கு லோன் போட்டே வாங்கிடலாமே” என்று யாரோ சொன்னதை நம்பி, வாங்கவும் தேடினோம். அப்போதுதான் ‘அனைவருக்கும் கட்டுப்படியாகும் வீடு’ என்று நான் எத்தனையோ முறை டைப் செய்திருந்த சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் கிடையாது. பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் 2015 ஜூனில் தொடங்கியபோது, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை, வீடு 30 சதுர மீட்டர் வரை என்று வைத்தார்கள். அதே நாட்டின் ஜி.எஸ்.டி. கணக்கில், 2019 ஏப்ரலிலிருந்து, சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள் இருக்கும், 45 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வீடும் கட்டுப்படியாகும் வீடுதான். அதற்கு வரி 5 சதவிகிதம் அல்ல, 1 சதவிகிதம். ஆக, ஒரு கையில் வருடம் 3 லட்சம் சம்பாதிக்கும் குடும்பம். இன்னொரு கையில் 45 லட்சம் ரூபாய் வீடு. இரண்டுக்கும் ஒரே பெயர். பில்டர்களின் போர்டில் எது இருக்கிறது, கவர்ன்மென்ட் போர்டில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் நானும் ‘பட்ஜெட் விலையில் சொந்த வீடு!’ என்று குறைந்தது மூன்று தலைப்பாவது வைத்திருப்பேன்.

எங்கள் கணக்கு இது: எனக்கு மாதம் 24,000. ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டும் அப்பாவுக்கு 17,000. அம்மா பிளவுஸ் தைப்பதையும் ஃபால்ஸ் அடிப்பதையும் எந்த ஃபாரத்திலும் எழுத முடியாது. எழுதுவதை மட்டும் கூட்டினால் வருடத்துக்கு 4 லட்சத்து 92 ஆயிரம். 3 லட்சம் என்ற கோட்டைத் தாண்டிவிட்டோம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டுக்கு நாங்கள் ‘பணக்காரர்கள்’. வங்கியில் போய் உட்கார்ந்தால் ஏழைகள்.

நண்பர் ஒருவர் அனுப்பிய லிங்க்கைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நுங்கம்பாக்கத்தில் ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் ஏ.சி. கார் காத்திருந்தது. ஒரகடம் போகும் சாலையில் போய், உள்ளே திரும்பி, இன்னும் உள்ளே திரும்பி, ஒரு பொட்டலில் நிறுத்தினார்கள். வளைவில் பெரிய எழுத்தில் நகரத்தின் பெயர். ஆம், நகரம். சென்னையைச் சுற்றி இப்போது யாரும் வீடு விற்பதில்லை. எல்லோரும் நகரம்தான் விற்கிறார்கள்.

அங்கிருந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். டை கட்டியிருந்தான். அம்மாவை ‘ஆன்ட்டி’ என்றான், அப்பாவை ‘சார்’ என்றான். “கவர்ன்மென்ட்டோட சேர்ந்து பண்ற புராஜெக்ட் சார். உங்களுக்கு 2.67 லட்சம் சப்சிடி வந்துடும்.” ஒற்றை பெட்ரூம் வீடு, 540 சதுர அடி, எல்லாம் சேர்த்து 27 லட்சம். நான் ரிப்போர்ட்டர். நான்தான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். மாதிரி வீட்டின் சமையலறையில் அம்மா நின்றுகொண்டு, மேடையின் உயரம் தன் இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. அன்றே 50,000 ரூபாய் புக்கிங் அட்வான்ஸ் கட்டினோம். அம்மாவின் சீட்டுப் பணம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து, செய்ய வேண்டிய வேலையை ஒரு நாள் தாமதமாகச் செய்தேன். விளம்பரத்தில் போட்டிருந்த ரெரா பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த எண் முதல் கட்டத்துக்கு. எங்களுக்குக் காட்டியது மூன்றாம் கட்டம். அதற்குப் பதிவே இல்லை. 540 சதுர அடி என்பது பொதுவான இடங்களையும் சேர்த்த அளவு. உள்ளே கால் வைத்து நடக்கிற கார்ப்பெட் ஏரியா 355தான். அந்த 2.67 லட்சம் மானியம், பழைய வட்டி மானியத் திட்டத்தில் எங்கள் வருமானப் பிரிவுக்குக் கிடைத்த அதிகபட்சத் தொகை. அது 2022 மார்ச் 31-ம் தேதியோடு முடிந்துவிட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் திட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆனால், அது அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணையாக. ‘கவர்ன்மென்ட்டோட சேர்ந்து’ என்றதற்கு நான் தேடியவரை கிடைத்த ஒரே ஆதாரம், அவர்கள் பேனரில் இருந்த ஒரு லோகோ.

வங்கியில் இன்னொரு கதை. 21 லட்சம் லோன் என்றால், 20 வருடத்துக்கு, 8.75 சதவிகித வட்டியில் இ.எம்.ஐ. 18,500 ரூபாயைத் தாண்டியது. அப்பாவுக்கு 54 வயது. அவர் சம்பளத்தைச் சேர்த்தால் 60 வயதுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்றார்கள். சேர்க்காவிட்டால் என் சம்பளத்துக்கு அவ்வளவு லோன் வராது. பத்திரப் பதிவுக்கு 6 சதவிகிதம் தனி. புக்கிங்கை ரத்து செய்தோம். நான்கு மாதம் போன் செய்து, 35,000 திரும்ப வந்தது. மீதி ‘புராசஸிங் சார்ஜ்’. அந்தப் பையன் அந்த வேலையை விட்டுப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. அவனும் எங்காவது வாடகை வீட்டில்தான் இருப்பான்.

திரும்பி வந்த ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அப்பா, முதல் முறையாக எம்.எம்.டி.ஏ. காலனி வீட்டைப் பற்றிப் பேசினார்.

எங்கள் தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர். 1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அன்றைக்கு மெட்ராஸ் பெருநகர வளர்ச்சிக் குழுமம், எம்.எம்.டி.ஏ. அவர்கள் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் என்று மூன்று இடங்களில் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள்: வீடே கட்டவில்லை. நிலத்தை வாங்கி, சாலை போட்டு, தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு கொடுத்து, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்தார்கள். ஏழைகளுக்கான மனை சுமார் 40 சதுர மீட்டர். ஒரு மூலையில் கக்கூஸ், ஒரு குழாய், ஒன்றிரண்டு சுவர். அவ்வளவுதான். மீதியை நீயே கட்டிக்கொள், முடிந்தபோது கட்டிக்கொள், தவணையில் பணத்தைக் கட்டு. அதே லே-அவுட்டில் நடுத்தர வர்க்கத்துக்கும் வசதியானவர்களுக்கும் பெரிய மனைகள், கடைகளுக்கு இடங்கள். அவை நல்ல விலைக்குப் போனதால் ஏழைகளின் மனை விலையைக் குறைவாக வைக்க முடிந்தது. பெரிய பந்தியில் மொய் அதிகம் வைத்தவனும் குறைவாக வைத்தவனும் ஒரே வரிசையில் உட்கார்ந்த மாதிரி.

“உங்க தாத்தா மொதல்ல ஓலைதான் போட்டாரு. நான் நாலாவது படிக்கிறப்போ ஒரு ரூம். அஞ்சாவதுல, அவரு ஞாயித்துக்கிழமை செங்கல் அடுக்க, நானும் அத்தையும் தண்ணி ஊத்துவோம். பக்கத்துத் தெருவுல பேங்க்ல வேலை பார்க்கிறவரு வீடு. அவரு பையனோடதான் கிரிக்கெட். அப்போ எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க, காட்டுக்குள்ள போயிட்டீங்களேன்னு.”

சிரித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இல்லை. இந்த வகைத் திட்டங்களையே தோல்வி என்று ஒதுக்கி, 90-களில் உலக வங்கியும் மெல்ல விலகிக்கொண்டது. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, மெதுவாகத்தான் நிரம்புகின்றன என்பது அன்றைய குற்றச்சாட்டு. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் வேறு மாதிரி எழுதினார்கள்: அவை நிரம்பிவிட்டன, பல வருமானத்து மக்களும் கலந்து வாழ்கிறார்கள், சாலைகளும் மரங்களும் மிஞ்சியிருக்கின்றன. தோல்வி என்று நாம் சொன்னது அவசரம். வீடு என்பது அஞ்சு வருஷத்து ஆட்சிக்குள் திறப்பு விழா நடத்தி முடிக்கிற சமாச்சாரம் இல்லை என்பது எங்கள் தாத்தாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆனால், தாத்தா அதை 1996-ல் விற்றுவிட்டார். அத்தை கல்யாணம், பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வந்து கம்போசிட்டர் வேலை போனது, இரண்டும் ஒரே வருடம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழைக்கு நிலம் கிடைத்தால், கஷ்டம் வரும்போது முதலில் கை வைப்பதும் அந்த நிலத்தில்தான்.

அதற்குப் பிறகு சென்னை வேறு வழியில் போனது. ஏழைகளுக்கு நிலம் நகரத்துக்குள் இல்லை என்று முடிவாகி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அடுக்கினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். எங்கள் தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனார். வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்பார். “டைல்ஸ் போட்டிருக்காங்க பாப்பா. ஆனா இட்லியை யாருக்கு விக்கிறது? அங்க எல்லாருமே இட்லி சுடுறவங்கதான்.” கொஞ்ச நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இங்கே வந்து கடை போட்டார். லிஃப்ட் நின்ற நாளில் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்குவார். பிறகு ஒருநாள் வரவில்லை.

அது முழுக்க முழுக்க அரசு கட்டியது. அதனால் தனியாரைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். தனியாரைச் சேர்த்த நகரம் ஒன்றும் அதே ரயில் பாதையில் இருக்கிறது. பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, 2002-ல் டிட்கோவும் மஹிந்திரா குழுமமும் சேர்ந்து தொடங்கியது. சுமார் 1,500 ஏக்கர். சாலைகளைப் பார்த்தால் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம். தொழிற்சாலைகளும் ஐ.டி. நிறுவனங்களும் வந்தன, வேலைகள் வந்தன. வேலைவாய்ப்பு நகரமாக அது வென்றுவிட்டது என்றே சொல்வேன். ஆனால், காலையில் பரனூரில் இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். செக்யூரிட்டி யூனிஃபார்ம், ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்ம். அவர்கள் எல்லோரும் வேறெங்கிருந்தோ ரயிலில் வருகிறார்கள்.

இந்தப் பக்கம் திருமழிசை. 2011-ல் துணைநகரம் அறிவித்தார்கள், 311 ஏக்கர். 2020 மே மாதம், கொரோனா காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது, அந்த நிலத்தில்தான் தற்காலிகக் காய்கறிச் சந்தை போட்டார்கள். அறிவித்து ஒன்பது ஆண்டு கழித்து அந்த நகரத்தில் முதலில் குடியேறியது வெங்காயமும் தக்காளியும்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கூட்டு முயற்சியில் நான் கண்ணால் பார்த்த உருப்படியான காரியம், வல்லம் வடகால். ஶ்ரீபெரும்புதூர் பக்கத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காக சிப்காட் கட்டிய தங்கும் வளாகம். 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். 706.50 கோடி ரூபாய், 18,720 பேர் தங்கலாம். வீடியோ எடுக்கப் போயிருந்தேன். அதற்கு முன் பத்துப் பேர் ஒரே அறையில் நெருக்கிப் படுத்த பெண்களிடம் பேசியவள் என்ற முறையில், அந்தக் கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வேலை நிச்சயம், குடியிருப்பவர் நிச்சயம், வாடகை நிச்சயம். அதனால் கணக்கு உதைக்கவில்லை. ஆனாலும் அங்கே இருந்தவை கட்டில்கள். கல்யாணமானால் அவள் எங்கே போவாள், அம்மாவை ஊரிலிருந்து அழைத்துவந்து வைத்துக்கொள்ள நினைத்தால் எங்கே வைத்துக்கொள்வாள் என்ற கேள்வியை என் வீடியோவில் நான் கேட்கவில்லை. இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

நானாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பாக இருக்கலாம். வீட்டின் விலையில் நம்மை மிரட்டுவது செங்கல்லும் சிமென்ட்டும் அல்ல, நிலம். அரசிடம் இருக்கும் ஒரே சீதனமும் நிலம்தான். அதைக் கூட்டாளியின் கையில் கொடுக்கும்போதே, ‘இதில் இத்தனை வீடு, இத்தனை பெரிய அளவு, இந்த வாடகைக்கு, இத்தனை வருடத்துக்கு, பஸ் ஸ்டாப்பிலிருந்து இத்தனை தூரத்துக்குள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கூட்டாளி அதற்கேற்ற விலையைச் சொல்வார். எழுதாமல் விட்டால், அவர் லாபம் வருகிற வீட்டை முதலில் கட்டுவார். ஏழைகளுக்கானது மூன்றாம் கட்டத்துக்குப் போகும். மூன்றாம் கட்டம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதில் 15,000 ரூபாய் போட்டிருக்கிறோம்.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் பதில் அனுப்பவில்லை. ஜூன் நெருங்கியதும் வாடகைக்கே தேடினோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அரும்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, “ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்” என்றார் அப்பா. எதை என்று நாங்கள் கேட்கவில்லை.

எம்.எம்.டி.ஏ. காலனியில் அந்தத் தெருவை அவர் தேடவே இல்லை, கால்கள் தானாகப் போயின. 40 சதுர மீட்டரில் இப்போது இரண்டு மாடி வீடு நிற்கிறது. ஒல்லியாக, பச்சை டிஸ்டெம்பர், வெளியில் இரும்புப் படிக்கட்டு. அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வலது மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எம்.எம்.டி.ஏ. கட்டிக்கொடுத்த குழாய் இருந்த மூலையாம். அங்கே இப்போது ஒரு ஸ்கூட்டி.

முதல் மாடி கிரில்லில் டு-லெட் போர்டு தொங்கியது. அம்மாதான் முதலில் பார்த்தார். கூப்பிட்டதும் கீழே வந்த அம்மாள், “ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். 14,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ்” என்றார். இந்த மனை யாருடையதாக இருந்தது என்று அப்பா சொல்லவில்லை. படியில் பாதி ஏறி, நின்று, திரும்பிக் கேட்டார்.

“மெட்ரோ வாட்டர் வருதாம்மா, இல்ல போர் மட்டும்தானா?”